திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ: ஆகாயத்தில் 19 மணித்தியாலம், வீட்டுக்கு வீடு எவ்வளவு?

"ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?" இந்தக் கேள்விக்கு மூன்று விடை உண்டு. மூன்றும் சரி. இரண்டு நகரங்களின் பெயரைத் தட்டினால் தூரம் சொல்லும் இணையக் கணிப்பான்கள் 14,000 கிலோமீற்றர், பதினைந்தரை மணித்தியாலம் என்கின்றன. டிக்கெட்டைப் பார்த்தால் 22 மணித்தியாலம் என்று இருக்கும். திருகோணமலை உப்புவெளியில் கதவைப் பூட்டியதிலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சப்பாத்தைக் கழற்றும்வரை எண்ணினால் 35-ஐத் தாண்டும். முதல் எண்ணுக்கு உரிய விமானமே கிடையாது. இரண்டாவது, விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் குடியிருப்பவருக்கு மட்டும் பொருந்தும். லீவு போடவும், வான் ஓட்டுநருக்குச் சொல்லவும், அங்கே ஏற்ற வருபவருக்கு நேரம் கொடுக்கவும் திருகோணமலைக்காரருக்கு வேண்டியது மூன்றாவது எண்தான்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். பூகோள உருண்டை ஒன்றில் கட்டுநாயக்கவுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், நூல் மேற்கே அரபிக்கடல் பக்கம் போகாது. நேரே வடக்கே ஏறி, இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியா, ரஷ்யாவின் வட பகுதி என்று போய், 72 பாகை வட அகலக்கோடு வரை உயர்ந்து, கிரீன்லாந்தின் மேலாகக் கனடாவுக்குள் இறங்கும். அந்த நூலின் நீளம்தான் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். இதில் ஒரு வேடிக்கை: திருகோணமலை நகரிலிருந்து அளந்தால் அது 13,900 கிலோமீற்றர்தான். விமானம் ஏறுவதற்காகத் தென்மேற்கே ஓடும் ஆறு மணித்தியாலமும் நம்மை ரொறன்ரோவிலிருந்து 100 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விடுகின்றன.

நேரடி விமானம் இல்லாததற்குத் தூரம் மட்டும் காரணமல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றர் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். அதற்குத் தனி வகை நெடுந்தூர விமானம் வேண்டும். ஆண்டு முழுக்க நிரம்பும் விலையுயர்ந்த ஆசனங்களும் வேண்டும். கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஓடும் ஏ330 வகை விமானம் லண்டன் வரையான 8,700 கிலோமீற்றரைச் சுலபமாகத் தாண்டும். ரொறன்ரோ அதன் கைக்கு எட்டாது. ஆகவே எங்காவது ஓர் இடத்தில் மாறித்தான் ஆகவேண்டும்.

எங்கே மாறுவது? டுபாய் வழியே போவது பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் 3,300, அங்கிருந்து ரொறன்ரோ 11,100, கூட்டினால் 14,400. நேர்கோட்டைவிட 400 கிலோமீற்றர்தான் கூட, அதாவது அரை மணித்தியாலப் பறப்பு. லண்டன் வழியும் 14,400-தான், இஸ்தான்புல் வழி அதைவிடச் சற்றே கூட. டோஹா, அபுதாபி எல்லாம் இதே வட்டத்துக்குள் வரும். டெல்லி வழிதான் வரைபடத்தில் மிகக் குறுகியது. இரண்டு துண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய அதே 14,000. ஷாங்காய் போலக் கிழக்கே போய்ச் சுற்றும் வழிகள் 16,500-ஐத் தொடும். அவற்றின் டிக்கெட் சில வேளை மலிவாக வரும். மூன்று மணித்தியாலம் கூடுதலாக ஆசனத்தில் இருப்பதற்கும், பெரும்பாலும் நீண்ட காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

வரைபடத்தில் குறுகிய வழியே நேரத்திலும் குறுகியது என்று எடுக்கக் கூடாது. டெல்லியே நல்ல உதாரணம். 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு, இந்திய நிறுவனங்களின் வட அமெரிக்கப் பறப்புகள் தெற்கே சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சில, நடுவே ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. உக்ரேனின் வான்வெளி 2022 பெப்ரவரியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ரஷ்ய வான்வெளி கனடிய, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இல்லை. ஆகவே ஒரே இரண்டு நகரங்களுக்கிடையே இரண்டு நிறுவனங்கள் வேறு வேறு பாதையில், வேறு வேறு நேரத்தில் பறக்கலாம். தூரக் கணிப்பான் இதையெல்லாம் அறியாது. நீங்கள் எடுக்கப்போகும் விமானத்தின் இலக்கத்தைத் தட்டி, கடந்த ஒரு கிழமை அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பறப்புக் கண்காணிப்புத் தளம் ஒன்றில் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இரண்டு நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

காற்றும் சேர்ந்து விளையாடும். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகக் காற்று ஒன்று ஓடுகிறது. மாரியில் அது இன்னும் பலக்கும். டுபாயிலிருந்து ரொறன்ரோ போக 14 மணித்தியாலம் என்றால், அங்கிருந்து வரப் பன்னிரண்டரை போதும். கொழும்பிலிருந்து லண்டன் போகும்போது 11, வரும்போது பத்தரை. கனடா போகும் பயணம் நீளம், ஊருக்கு வரும் பயணம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல: வாசலிலிருந்து விமானம் பின்னே தள்ளப்படும் நொடியிலிருந்து அங்கே வாசலில் நிற்கும் நொடிவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், ஒரு சிறு தாமதத்துக்கான இடமும் அதற்குள் அடக்கம். அரை மணித்தியாலம் பிந்திக் கிளம்பிய விமானம் குறித்த நேரத்துக்கே இறங்குவதன் ரகசியம் இதுதான்.

இனி மணிக்கூட்டுக் கணக்கு. ஏறும் நேரம் அந்தந்த ஊர் நேரம், இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை நேரே கழித்தால் பிழைக்கும். மாரியில் ரொறன்ரோ நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னே. மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடக்கம் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை. டுபாய் எப்போதும் ஒன்றரை பின்னே. அவர்கள் மணிக்கூட்டைத் திருப்புவதில்லை. இலங்கையும் 2006 ஏப்ரலில், கிரீன்விச்சைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற பழைய நேரத்துக்குத் திரும்பிய பிறகு மாற்றவில்லை.

ஒரு மாரிகாலப் பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். கட்டுநாயக்கவில் இரவு 9:00-க்கு ஏறுகிறீர்கள். டுபாய்க்கு நாலேமுக்கால் மணித்தியாலம். அங்கே இறங்கும்போது ஊரில் 1:45, டுபாயில் 12:15. மூன்றேகால் மணித்தியாலம் காத்திருந்து விடிய 3:30-க்கு ரொறன்ரோ விமானம். 14 மணித்தியாலம் பறந்து இறங்கும்போது அங்கே காலை 8:30. டிக்கெட்டில் தெரிவது முதல் நாள் இரவு 9:00, மறுநாள் காலை 8:30. பார்த்தவுடன் பதினொன்றரை மணித்தியாலம் என்று தோன்றும். அதோடு பத்தரையைக் கூட்டுங்கள்: 22. மேற்கே போகும்போது வித்தியாசத்தைக் கூட்டவேண்டும், கிழக்கே வரும்போது கழிக்கவேண்டும். ரொறன்ரோவில் பின்னேரம் 2:00-க்கு ஏறி மறுநாள் இரவு 8:30-க்குக் கட்டுநாயக்கவில் இறங்கினால் முப்பதரை போலத் தெரியும். பத்தரையைக் கழித்தால் 20.

இதைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது திகதி. "15ஆம் திகதி 02:55" என்று போட்டிருந்தால், 14ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் நிற்கவேண்டும். திருகோணமலையிலிருந்து 14ஆம் திகதி பகலே வெளிக்கிட வேண்டும். 15ஆம் திகதி காலையில் சூட்கேஸ் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. நள்ளிரவு 12 முதல் விடிய 5 வரையான எந்த விமானமானாலும், டிக்கெட் கையில் கிடைத்ததும் முந்தின நாளின் திகதியையும் கிழமையையும் பேனையால் அதன்மேல் எழுதி வையுங்கள். வானுக்குச் சொல்லும்போதும் "14ஆம் திகதி, வெள்ளி, பகல் ஒரு மணி" என்று கிழமையோடு சொல்லுங்கள்.

இனி முதல் 250 கிலோமீற்றர். முழுப் பயணத்திலும் நம் கையில் இருக்கும் பகுதி இதுதான், அதிகம் பிழைப்பதும் இங்கேதான். திருகோணமலையிலிருந்து கந்தளாய் 40, ஹபரணை 85, தம்புள்ளை 108, குருநாகல் 165 என்று போய், நாரம்மல, கிரிஉல்ல பக்கமாக இறங்கினால் கட்டுநாயக்க 240-க்கும் 250-க்கும் இடையில் வரும். குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறி மீரிகமவில் இறங்கிப் போகவும் முடியும். 2022 ஜனவரியில் திறந்த அந்தத் துண்டு குருநாகல், பொல்கஹவெல நெரிசலைத் தவிர்க்க உதவும். மீரிகமவுக்கு அப்பால் மறுபடி சாதாரண வீதிதான். சாப்பாடு, தேத்தண்ணி, ஒரு சிறு நிறுத்தம் எல்லாம் சேர்த்து ஆறரை மணித்தியாலம் போடுங்கள். "ஐந்து மணித்தியாலத்தில் விடுகிறேன்" என்று சொல்லும் ஓட்டுநரிடம் அந்த நேரத்தை வாங்கி எதுவும் ஆகப்போவதில்லை.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். விமானம் இரவு 9:00 என்றால் செக்-இன் வரிசையில் 6:00-க்கு நிற்க வேண்டும். கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும் வாசலிலேயே எல்லாப் பொதியும் ஸ்கானருக்குள் போய்வர வேண்டும். நெரிசலான நேரத்தில் அந்த வரிசை வெளியே வரை நீளும். கவுண்டர் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணித்தியாலம் முன்பு மூடப்படும், அதற்குப் பிறகு யாரைக் கெஞ்சியும் பயனில்லை. ஆகவே 6:00. வழியில் ரயர் வெடிக்கவும், விபத்து ஒன்றால் வீதி மறியவும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் 4:30. அதிலிருந்து ஆறரையைக் கழித்தால் காலை 10:00. அந்த ஒன்றரை மணித்தியாலம் மிஞ்சினால் வீணில்லை, நீர்கொழும்பில் நிம்மதியாக ஒரு சாப்பாடு சாப்பிடலாம். ஆக வீட்டிலிருந்து ஏறும்வரை 11, ஏறியதிலிருந்து இறங்கும்வரை 22, பியர்சன் விமான நிலையத்திலிருந்து வெளியேறி ஸ்காபரோ போக இரண்டரை. மொத்தம் முப்பத்தைந்தரை.

யானை நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கந்தளாய் தாண்டி அக்போபுர தொடக்கம் ஹபரணை வரை வீதியின் இரு பக்கமும் காடு. மாலை ஐந்தரை தொடக்கம் இருட்டும்வரையும், பிறகு விடியும்வரையும் யானைகள் வீதியைக் கடக்கும், சில அங்கேயே நின்றுவிடும். இரு பக்கமும் வாகனங்கள் வரிசையாக நிற்பதும், எதிரே வருபவர் கையால் "நில்" என்று காட்டுவதும் கண்டால் முந்திப் போகக் கூடாது. தள்ளி நின்று, இயந்திரத்தை அணைக்காமல், ஹோர்ன் அடிக்காமல், பெரிய வெளிச்சத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். ஒற்றை யானை காதை விரித்து வாகனத்தை நோக்கித் திரும்பினால் மெதுவாகப் பின்னே எடுக்க இடம் விட்டு நிற்பது முக்கியம். முன் வாகனத்தின் வாலில் ஒட்டி நிற்பவருக்கு அந்த இடம் இருக்காது. பழங்களோ சோற்றுப் பார்சலோ ஜன்னலால் நீட்டும் பழக்கமே அவற்றை வீதிக்குப் பழக்கியது.

இதனால் எந்த விமானத்துக்கு எப்போது வெளிக்கிடுவது என்பது வேறு வடிவம் எடுக்கும். விடிய 3 மணி விமானத்துக்குக் கணக்குப்படி பின்னேரம் 4 மணிக்கு வெளிக்கிட்டால் போதும். ஆனால் அந்தக் காட்டுத் துண்டுக்குள் சரியாக யானை நேரத்தில் நுழைவீர்கள். பகல் ஒரு மணிக்கே கிளம்பி, மிஞ்சும் மூன்று மணித்தியாலத்தை நீர்கொழும்பில் கழிப்பது நல்லது. காலை 10 மணி விமானம் என்றால் இரவு முழுக்க ஓடவேண்டி வரும். அப்படிப்பட்ட டிக்கெட்டை எடுப்பதாயிருந்தால் முந்தின நாளே போய் நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். அறைக் காசையும் டிக்கெட் விலையோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் மலிவு என்று எடுத்த டிக்கெட் பல வேளை அங்கேயே மலிவை இழந்துவிடும். திருகோணமலையிலிருந்து போகிறவருக்கு வசதியானது மாலை, முன்னிரவு விமானம்தான்.

மழைக்காலம் தனி. நமக்கு ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை. ரொறன்ரோவுக்குக் கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் போகிறவர்களும், அங்கிருந்து வருகிறவர்களும் சரியாக இந்த நாட்களில்தான் ஓடுகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல வீதிகள் நாள்கணக்கில் வெட்டுண்டு கிடந்தன. வானிலைத் திணைக்களம் எச்சரிக்கை விட்டிருந்தால் ஒரு நாள் முன்னதாகவே கட்டுநாயக்கப் பக்கம் போய்விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. வெள்ளத்தால் நீங்கள் வரப் பிந்தியது விமான நிறுவனத்தின் பிழை ஆகாது. விமானம் கிளம்பிவிட்டால் டிக்கெட் போனது போனதுதான்.

வான் தவிர வேறு வழிகள் இல்லையா? இரவு ரயில் இருக்கிறது. விடியப்புறம் கொழும்புப் பக்கம் சேரும். கோட்டை வரை போகாமல் ராகமையில் இறங்கினால் விமான நிலையம் கிட்ட. அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். காலை 11 மணிக்குப் பிந்திய விமானத்துக்கும், ஒரே சூட்கேஸோடு போகிறவருக்கும் இது நல்ல வழி. படுத்துக்கொண்டே யானைக் காட்டைக் கடக்கலாம். இரண்டு 23 கிலோ சூட்கேஸும் ஒரு வயதான அம்மாவும் கூட இருந்தால் ராகமை மேடையில் படியேறி இறங்குவது பெரும் பாடு. 49ஆம் இலக்க கொழும்பு பஸ் மலிவு. பொதியை மடியில் வைத்துக்கொண்டு ஏழு எட்டு மணித்தியாலம் இருக்கத் துணிந்த இளவட்டங்களுக்கு. கொழும்பு போய்விட்டால் 187 விமான நிலையம் கொண்டு சேர்க்கும்.

திருகோணமலையிலேயே, சீனன்குடாவில் விமான நிலையம் இருக்க ஏன் இந்த அலைச்சல் என்று கேட்பார்கள். ஆகாயக் கோட்டில் சீனன்குடாவிலிருந்து கட்டுநாயக்க 210 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அது விமானப்படைத் தளம். அங்கே வந்துபோகும் பொதுமக்கள் சேவை சுற்றுலாப் பயணிகளை நம்பி ஓடும் சிறு விமானங்கள். அவற்றில் பொதி எடைக்குக் கடுமையான எல்லை உண்டு. கனடாப் பொதியோடு அதில் ஏற முடியாது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் அங்கிருந்து பறக்கலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. திருகோணமலையிலிருந்து வவுனியா வழியே பலாலியும் கிட்டத்தட்டக் கட்டுநாயக்க அளவு தூரம்தான். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் சென்னையில் பொதியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. சென்னையில் கோயிலும் புடவையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

தனி டிக்கெட், ஒரே டிக்கெட் என்ற இந்த வேறுபாட்டை ஏஜென்சியில் காசு கட்ட முன்பு கேட்டே ஆகவேண்டும். ஒரே பதிவு இலக்கத்தின் கீழ் முழுப் பயணமும் இருந்தால், டுபாய் விமானம் பிந்தி ரொறன்ரோ விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. 2024 ஏப்ரல் 16 அன்று டுபாயில் கொட்டிய மழையில் ஓடுபாதையே குளமாகிப் பல நாட்கள் விமானங்கள் குழம்பின. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்வெளியைச் சில மணித்தியாலம் மூடியது. இப்படியான நாட்களில் ஒரே டிக்கெட் வைத்திருந்தவர் வரிசையில் நின்று மாற்று ஆசனம் வாங்கலாம்; இரண்டு டிக்கெட் வைத்திருந்தவர் இரண்டாவதைப் புதிதாக வாங்க வேண்டியதுதான். மாறும் இடத்தில் இரண்டரை முதல் நான்கு மணித்தியாலம் அளவானது. ஒன்றேகால் மணித்தியால இணைப்பை இணையம் விற்கும். ஓடக்கூடிய கால் இருந்தால் எடுக்கலாம், ஆனால் நீங்கள் ஓடினாலும் சூட்கேஸ் ஓடாது.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர் ஐரோப்பா வழியைத் தேர்ந்தால் விமான நிலையத்துக்கு வெளியே போகாமல் மாறுவதற்கும் விசா கேட்கப்படும். ஷெங்கன் நாடுகளின் அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, பிரித்தானியாவும் அப்படியே. செல்லுபடியாகும் கனடா விசா கடவுச்சீட்டில் இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட்டுக்குக் காசு கட்டும் அன்றே அந்தந்த நாட்டின் தளத்தில் பார்த்துவிடுங்கள். வளைகுடா வழியில், ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறுவதானால், இந்தத் தலையிடி இல்லை. ஊர்ச்சனம் பெரும்பாலும் அந்த வழியே போவதற்கு விலை மட்டுமல்ல, இதுவும் காரணம்.

செக்-இன் கவுண்டரில் ஒரே ஒரு காரியத்தைக் கண்ணால் பாருங்கள். சூட்கேஸின் கைப்பிடியில் சுற்றும் நீண்ட வெள்ளைச் சிட்டையில் மூன்றெழுத்துப் பெரிதாக அச்சாகியிருக்கும். ரொறன்ரோவுக்கு வை-வை-இசட். சிட்டையில் அது இல்லாமல் டுபாயின் டி-எக்ஸ்-பி மட்டும் இருந்தால், பொதி டுபாயோடு நின்றுவிடும். அங்கேயே சொல்லி மாற்ற வேண்டும். எத்தனை சூட்கேஸோ அத்தனை துண்டுச் சிட்டை போடிங் பாஸின் பின்னே ஒட்டித் தருவார்கள். அதைக் கிழித்து எறியக் கூடாது. பொதி காணாமல் போனால் அந்த இலக்கம்தான் சாட்சி.

கனடாப் பயணத்தில் எடையைப் பொதி எண்ணிக்கையால் கணக்கிடுவார்கள்: பெரும்பாலான சாதாரண டிக்கெட்டுகளில் 23 கிலோவாக இரண்டு. ஒன்றில் 30, மற்றதில் 16 என்று வைத்து மொத்தம் 46-தானே என்று வாதாட முடியாது. 30 கிலோப் பெட்டிக்குத் தனிக் காசு. சந்தைத் தராசைவிட, சூட்கேஸைத் தொங்கவிட்டு நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி 22-இல் நிறுத்துங்கள். கருவாடு கொண்டுபோக முடியும். மீனும் மீன் பொருட்களும் ஆளுக்கு 20 கிலோ வரை கனடா அனுமதிக்கிறது. ஆனால் மூன்று சுற்றுப் பொலித்தீனில் கட்டி, வாய் இறுக மூடும் டப்பாவுக்குள் வைக்காவிட்டால் உடுப்பெல்லாம் நிலாவெளிக் கடற்கரை மணக்கும். இறைச்சி வகை வேண்டாம். எதைக் கொண்டுபோனாலும் இறங்கும்போது கேட்கும் கேள்விக்கு உணவு உண்டு என்றே சொல்லுங்கள்; சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்தால்தான் தண்டம்.

வயதானவர் தனியே போவதாயிருந்தால் சக்கர நாற்காலியை டிக்கெட் பதியும்போதே கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் கவுண்டரில் கேட்டாலும் தருவார்கள், ஆனால் டுபாயில் காத்திருப்பு நீளும். நடக்கக் கூடியவருக்கும் இது உதவி: அந்தப் பெரிய நிலையத்தில் அறிவித்தல் பலகை வாசித்து வாசல் தேடும் வேலையை நாற்காலி தள்ளுபவர் பார்த்துக்கொள்வார். அம்மாவின் கழுத்தில் மாட்டும் பையில், விமான இலக்கம், மாறும் இடம், கூப்பிட வருபவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மருந்து எல்லாம் கைப்பையில், மருத்துவரின் சீட்டோடு. இன்சுலின் போடுபவருக்கு அந்த நாள் முப்பத்து நான்கரை மணித்தியாலம் நீளும். எந்த மணிக்கூட்டின்படி ஊசி போடுவது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். பவர் பாங்க் பொதிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். 2025 ஒக்டோபரிலிருந்து எமிரேட்ஸ் விமானங்களில் அதைப் பறக்கும்போது பாவிக்கவும் தடை.

பியர்சனில் இறங்கியவுடன் ஏற்ற வருபவருக்கு அழைப்பு எடுத்து "இறங்கிவிட்டோம், வாருங்கள்" என்று சொல்வது தேவையற்ற அவசரம். குடிவரவு வரிசை, பொதி, சுங்கம் என்று ஒன்றரை மணித்தியாலம் போகும். முதன்முதலாக நிரந்தர வதிவிடத்தோடு இறங்குபவருக்கு அதைவிடக் கூடும். சூட்கேஸ் கையில் வந்த பிறகு சொன்னால் போதும். எந்த டெர்மினல் என்று, ஒன்றா மூன்றா, முதலிலேயே சொல்லிவிடுங்கள். 401ஆம் நெடுஞ்சாலை காலை 7 முதல் 10 வரை ஊர்ந்துகொண்டிருக்கும். ஸ்காபரோவுக்கு 35 கிலோமீற்றர் என்றாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது.

திரும்பி வரும்போது கணக்கு மறுபக்கம் புரளும். பெரும்பாலான இணைப்புகள் இரவில்தான் கட்டுநாயக்கவில் இறக்கும். இரவு 8:30-க்கு இறங்கிப் பொதி எடுத்து வெளியே வர 10 மணி. அப்போதே கிளம்பினால் நள்ளிரவு தாண்டி ஹபரணைக் காடு. வானில் எல்லோரும் தூக்கம், ஓட்டுநர் மட்டும் விழிப்பு. நீர்கொழும்பில் படுத்து விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில். இரவே போயாக வேண்டிய அவசரம் இருந்தால், வான் பேசும்போதே ஓட்டுநர் அன்று பகல் வேறு ஓட்டம் ஓடியவரா என்று கேளுங்கள். திருகோணமலையிலிருந்து உங்களை ஏற்றவென்றே காலையில் கிளம்பி வந்தவரானால், அவர் ஏற்கெனவே 250 கிலோமீற்றர் ஓட்டியிருக்கிறார். குருநாகலில் ஏறி மாறி ஓட்ட இன்னொருவரை ஒழுங்கு செய்ய அவரிடமே சொல்லலாம். கூடுதல் காசு கேட்பார், கொடுங்கள். கனடியக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் ஊருக்கான மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்ப முதலே எடுத்து அச்சடித்துக் கையில் வைத்திருந்தால், அந்த இரவு நேரத்தில் கவுண்டர் கவுண்டராக நிற்கும் அரை மணித்தியாலமும் மிஞ்சும்.